கத்தரிப்பூ வளை

குருதிவளை கையில் ஏறி எழுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நிறம் வந்துவிடும்.

கூடத்தில் குடும்பத்திரைக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் பிச்சம்மாள் கேசரி கிண்டி மூடி வைத்திருந்தாள். பச்சை வந்ததும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அவள் மகன் சங்கரலிங்கம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி வடிவு குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையில் இருந்தது குருதிவளை இல்லை, மாதிரி வளை.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணாடி வளையலைவிடக் கொஞ்சம் தடிமன். குருதிவளையின் உள்பக்கத்தில் முடியைவிட மெல்லிய ஊசிகள் உண்டு. அவை மூன்று நாள் ரத்தத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். நாற்பது நோய்களைத் தேடிவிட்டு ஒரு நிறத்துக்கு வரும். அதே நிறத்தைக் குடும்பத்திரைக்கும் மருத்துவமனைக்கும் அனுப்பிவிடும். மாதிரி வளைக்கு ஊசி கிடையாது. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகு மட்டும் இருக்கும். சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகளிடம் அதைத் திருகிக் காட்டுவார்கள். பச்சை என்றால் குறை இல்லை. மஞ்சள் என்றால் சர்க்கரை. நீலம் என்றால் தைராய்டு.

திருகிக் காட்டுவது வடிவின் வேலை. அவள் உயிர்வேதியியல் படித்தவள், பாளையங்கோட்டை நிலையத்தின் வளைப் பதிவாளர். வளையை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்று சொல்லாமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை.

அவள் திருகைப் பச்சைக்குக் கொண்டுவந்தாள். முகத்தைக் கழுவினாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வளைகாப்பும் ரத்தப் பரிசோதனையும் ஒன்றாகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஏழாம் மாதத்தில் ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் வராத பெண்கள், வளைகாப்பு என்றால் மறுக்காமல் கை நீட்டினார்கள். அதைக் கவனித்த யாரோ சோதனைக் கருவியையே வளையாக்கினார்கள். முதல் வளை அரசாங்கத்திலிருந்து வரும். மற்றவை உறவுக்காரர்கள் போடுவது. பிரசவத்தில் இறக்கும் பெண்கள் வெகுவாகக் குறைந்தார்கள். கூடவே, கர்ப்பிணியின் மணிக்கட்டைத் தெருவே வாசிக்கப் பழகியது. மஞ்சள் வளைக்காரி பேருந்தில் ஏறினால், அடுத்த இருக்கைக்காரி தன் பையிலிருக்கும் அல்வாவை மறைப்பாள். நீல வளைக்காரியிடம் மாத்திரை போட்டாயா என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள்.

கத்தரிப்பூ நிறத்தை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அது அபூர்வமான நிறம். நோயின் பெயர் சூற்கொப்புளம். நஞ்சுக்கொடியில் தகப்பனின் அடையாளமும் இருக்கும். ஏதோ ஒரு பெண்ணின் உடம்பு மட்டும் அதை அந்நியமென்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. எதிர்ப்பொருள் தேடிப் போகும் புரதம் நஞ்சுக்கொடியில் மட்டுமல்ல, தோலிலும் இருக்கிறது. மேல்தோலை அடித்தோலோடு ஒட்டி வைத்திருப்பது அதுதான். ஒட்டு விட்டுப்போய்த் தோல் கொப்புளிக்கும். தொப்புளைச் சுற்றி அரிப்பில் ஆரம்பித்துக் கை கால்களுக்குப் பரவும். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஊசி இருக்கிறது. விட்டுவிட்டால் குழந்தை வளராமல் குறைமாதத்தில் வெளியே வரலாம்.

மருத்துவம் சொல்வது அவ்வளவுதான். தெருவில் அதற்கு ஏலா வளை என்று பெயர். புருஷனை அவள் உடம்பு ஏற்கவில்லை என்று அர்த்தம். துணை மாறினால் அடுத்த கர்ப்பத்தில் இந்த நோய் திரும்பாமலும் போகலாம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு சில ஆண் வீட்டார் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜெயித்தார்கள்.

வளைகாப்புக்கு இரண்டு வாரம் முன்பு வடிவுக்கு வயிறு அரித்தது. கண்ணாடியில் பார்த்தாள். வயிற்று வரிகள் மேல் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. சூற்கொப்புளம்தான் என்று பார்த்த உடனேயே அவள் முடிவு செய்துவிட்டாள். டாக்டரிடம் போகவில்லை. சங்கரலிங்கத்திடமும் சொல்லவில்லை. மாதிரி வளை ஒன்றை அலுவலகத்திலிருந்து கைப்பையில் போட்டு எடுத்துவந்தாள்.

உண்மையான வளைக்கு ஒரு கை வேண்டும். கழற்றிய வளை ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கையில் ஏறுகிறதோ அதையே சொந்தக் கையாக எடுத்துக்கொள்ளும். கை வீங்கும் கர்ப்பிணிகளுக்கு நிலையத்தில் மறு கைக்கு மாற்றிப் போடுவதற்காக வைத்த வசதி அது.

அவளுக்குத் தெரிந்த கை ஒன்று இருந்தது. சங்கரலிங்கத்தின் அக்கா உலகம்மை, முறப்பநாட்டில் கட்டிக்கொடுத்தவள். பதினோரு வருடமாகப் பிள்ளை இல்லை. வளைகாப்பு நடக்கும் வீட்டில், கர்ப்பிணியின் கையிலிருந்து ஒரு வளையைக் கழற்றிப் பிள்ளை இல்லாதவள் கையில் போடுவது வழக்கம். அவளுக்கும் சீக்கிரம் அந்த நாள் வரட்டும் என்று.

விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வடிவு உலகம்மையைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டாள்.

“மதினி, இது என் கையில மொதல்ல ஏறின வளை. நீங்க போட்டுக்கிடுங்க. மூணு நாளைக்குக் கழட்டாதீங்க.”

உலகம்மை வளையைப் பார்த்தாள். பிறகு வடிவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே காவி பூசியிருந்தது. அக்கி எழுதியிருக்கிறது என்றாள். வளை ஏறியதும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வடிவால் அதைப் பார்க்க முடியவில்லை. பந்தியில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கூடத்தில் திரை மணி அடிக்கும் சத்தம் கேட்டது. வடிவு தாழைத் திறந்துகொண்டு, பச்சை வளைக் கையை முன்னால் வைத்தபடி போனாள்.

யாரும் திரும்பவில்லை. திரையில் அவள் பெயருக்குக் கீழே ஒரு பெரிய வட்டம் இருந்தது. கத்தரிப்பூ நிறம்.

அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு குளியலறைக்கே திரும்பினாள். திருகினாள். பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு. கத்தரிப்பூ கடைசியில் இருந்தது. அதைத் தொட்டபோதுதான் அடுத்த எண்ணம் வந்தது. நஞ்சுக்கொடி இல்லாத உடம்பில் இந்த நிறம் வராது. உலகம்மையின் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. அவள் கையில் இருந்தது அக்கி இல்லை.

*

அன்று கேசரி யார் வீட்டுக்கும் போகவில்லை. பிச்சம்மாள் சத்தம் போடவில்லை. அடுக்களையில் பாத்திரங்களிடம் பேசுவது போல, இவள் உடம்பு தன் மகனிடம் என்ன குறை கண்டது என்று கேட்டாள். ஏலாத வயிற்றில் பிள்ளை எப்படித் தங்கும் என்றும் கேட்டாள். மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. மூன்றாம் நாள் காலை முதல் ஊசி.

சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது சங்கரலிங்கம் கூடவே வந்தான். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளிடம் கொடுத்தான். கடைசிக் கிளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“என்னையப் பிடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

அது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம், மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள் வடிவு. தினமும் அலுவலகத்தில் சொல்லும் அதே வாக்கியம்.

“தெரியும். நீதான் சொல்லிக் குடுத்திருக்கியே. ஆனா ஒடம்புக்குத் தெரியாமலா இருக்கும்?”

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டான். ஒரு சொல் சொன்னால் அவன் நிமிர்ந்துவிடுவான். அந்தச் சொல் அவளுடையது மட்டுமல்ல. துணிக் குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

*

மறுநாள் மதியம் அவள் முறப்பநாட்டுக்கு மின்பேருந்து ஏறினாள். பேருந்தில் ஒரு பெண் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். பிறகு தன் மகளைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

உலகம்மை பின்கட்டில் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் அருணாசலம் தூத்துக்குடிக் கடல் காற்றாலையில் வேலை பார்க்கிறவன். மாதத்துக்கு நான்கு நாள்தான் வீட்டில் இருப்பான். உலகம்மையின் இடது மணிக்கட்டில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. வடிவைக் கண்டதும் அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கூடியது.

“கலர் வந்துட்டு,” என்றாள்.

வடிவு பேருந்தில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஏமாற்றிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். உலகம்மை முடிக்க விடவில்லை.

“என்னத்த ஏமாத்துன? பதினோரு வருசமா ஊர்ல உள்ள வளையெல்லாம் இந்தக் கையிலதான் ஏறியிருக்கு. கண்ணாடி வளை எது, அரசாங்க வளை எதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சேவா போட்டுக்கிட்டீங்க?”

“ஒன் மூஞ்சியப் பாத்தேன். சரி, ஒனக்கும் பச்சை வரட்டும்னு நீட்டுனேன். வெறும் வயித்துக்காரி கைக்கு என்ன கலரு வரும்? பச்சைதான். ஒனக்கு முன்னாலயே மூணு பேருக்கு வந்துருக்கு.”

வடிவுக்கு முதலில் விளங்கவில்லை. உலகம்மை ஒரு பாவாடையைப் பிழிந்துகொண்டே விவரம் சொன்னாள். அரிப்பு வந்தவர்கள், அரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தவர்கள். எல்லோரும் சாமான் அறைக்குத்தான் கூப்பிட்டார்கள். எல்லோரும் இதே மாதிரி, மூன்று நாளைக்குக் கழற்றாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். பச்சை வந்ததும் வளையைத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி கொங்கராயகுறிச்சி கனகவல்லி.

கனகவல்லியை வடிவுக்குத் தெரியும். பச்சை வளை. எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. நிலையத்தின் கூட்டத்தில் காரணம் தெரியவில்லை என்று எழுந்து சொன்னது வடிவுதான். மாவட்டத்தில் கத்தரிப்பூ நிறம் வருடா வருடம் குறைந்துவருவதைப் பற்றி மேடை ஏறி அவள் பேசியிருக்கிறாள். கேக் வெட்டினார்கள். வழக்கம் உள்ள வீடுகளிலெல்லாம் பிள்ளை இல்லாத ஒருத்தி இருப்பாள். அவள் கை எப்போதும் பச்சை. மாவட்டமே அந்தக் கைகளைத்தான் இத்தனை நாளும் சோதித்துக்கொண்டிருந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது.

“மதினி, உங்க கைக்குப் பச்சை வரலையே,” என்றாள் மெதுவாக.

உலகம்மை ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். வடிவின் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். சேலைக் கொசுவத்துக்குப் பின்னால் சின்னதாக, கெட்டியாக இருந்தது. உண்டாயிருக்கிறாள் என்று எத்தனையோ பேருக்காக எத்தனையோ வீடுகளில் சொன்ன அந்தச் சொல்லை உலகம்மை தனக்காக ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இப்போதும் அவள் வாயில் அது வரவில்லை.

“அக்கின்னுதான் நெனச்சேன்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நெனச்சுக்கிட்டேன்,” என்றாள்.

மஞ்சள் துணியை நகர்த்திக் காட்டினாள். காவிக்கு நடுவில் கொப்புளங்கள் தண்ணீர் கட்டி நின்றன. உள்ளங்கையிலும் இரண்டு.

ஊசி போட வேண்டும், இன்றே டாக்டரிடம் போவோம் என்றாள் வடிவு. உலகம்மை தலையாட்டி மறுத்தாள். உள்ளே தூங்குகிற கிழவி அருணாசலத்துக்கு வேறு பெண் பார்த்து வைத்திருக்கிறாள். பிள்ளை இல்லை என்பது மட்டும் நீதிமன்றத்தில் போதவில்லை. ஏலா வளை போதும். ஏழு மாதம் ஆகட்டும், வயிறு ஊருக்கே தெரியட்டும், அப்புறம் யார் என்ன செய்துவிட முடியும்? அதுவரைக்கும் மூடி வைக்க வேண்டும்.

“ஏழு மாசம் வரைக்கும் தாங்காது மதினி.”

“தாங்கும். பதினோரு வருசம் கழிச்சு வந்தது, ஓடியா போயிரும்?” பிழிந்த பாவாடையை எடுத்து மறுபடியும் பிழிந்தாள். “கலரு ஒம் பேருக்குத்தான வந்துருக்கு? இருந்துட்டுப் போவட்டும். எந்தம்பி ஒன்ன விட மாட்டான். எங்க வீடு அப்படி இல்ல.”

வடிவு மஞ்சள் துணியைக் கொப்புளங்களின் மேல் இழுத்து மூடினாள்.

“ஒனக்காக நா கை நீட்டுனேன்லா? எனக்காக நீ ஒரு ஊசி போட்டுக்கிட மாட்டியா?”

யாரிடமும் சொல்வதில்லை என்று வடிவு உலகம்மையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் பேருந்து ஏறினாள்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது, அன்று முழுவதும் தனக்கு அரிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். தடிப்புகள் மங்கியிருந்தன. எல்லாமே வயிற்று வரிகளோடு நின்றிருந்தன. தொப்புளைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குத் தோல் மாசு இல்லாமல் இருந்தது. தோல் விரிவதால் வருகிற சாதாரணத் தடிப்பு. தொப்புளை விட்டுத் தள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம் என்று எத்தனை பெண்களுக்கு அவள் சொல்லியிருப்பாள். தன் வயிற்றை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

*

மருத்துவமனைக்கு நால்வர் போனார்கள். பிச்சம்மாள் தானும் வருவேன் என்றாள். மருத்துவமனை வாசலில் ஆட்டோவிலிருந்து உலகம்மை இறங்கினாள். தம்பி பெண்டாட்டிக்குத் துணைக்கு வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாள். வடிவைப் பார்த்தபோது அவள் கண் சத்தியத்தை நினைவுபடுத்தியது. இடது கை முந்தானைக்குள் இருந்தது.

டாக்டர் ஜெசிந்தா திரையில் அளவைப் படித்தார். எதிர்ப்பொருள் மிக அதிகம். கொப்புளங்களைக் காட்டச் சொன்னார். வடிவு வயிற்றைக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ரத்தம் இவ்வளவு சொல்லுது, தோல் ஒண்ணும் சொல்லலையே.”

மேசையிலிருந்த வாசிப்புக் கருவியை எடுத்து வடிவின் மணிக்கட்டில் வைத்தார். குருதிவளை பக்கத்தில் இருந்தால் அது கணீரென்று ஒலிக்க வேண்டும். இப்போது முனகியது, தூரத்தில் எதையோ கண்டுபிடித்தது போல. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உலகம்மை முந்தானையை இறுக்கிக்கொண்டாள். டாக்டர் கருவியை இரண்டு தட்டுத் தட்டினார். பழையது, மாற்றித் தரச் சொல்லி எழுதியாயிற்று என்றார். குருதிவளை பொய் சொல்லாது என்பதால் கருவியைத்தான் சந்தேகித்தார்.

ஊசியில் மருந்து ஏறியது. உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கிற மருந்து. கொஞ்சம் குழந்தைக்கும் போகும், ஆனால் இந்த அளவுக்கு வேறு வழியில்லை என்று டாக்டர் சங்கரலிங்கத்திடம் விளக்கினார். அவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

பஞ்சு வடிவின் தோளில் குளிர்ந்தது. இந்த ஊசியை அவள் போட்டுக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டிய தண்டனைதான். பிள்ளைக்கு அது தண்டனை ஆகாது, வேறு ஏதாவது ஆகும். தன் தோளில் ஏற்றினால் உலகம்மையின் கை ஆறவும் செய்யாது. உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை முந்தானைக்குள் கையைச் சொறிந்துகொண்டே, சொல்ல வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். சேலையில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. கொப்புளம் ஒன்று உடைந்திருக்க வேண்டும்.

“போடுங்க டாக்டரம்மா,” என்றாள் பிச்சம்மாள். “எங்க வீட்டுல ஒருத்தி வெறும் வயித்தோட இருக்கது போதாதா. இதுவாவது தங்கட்டும்.”

உலகம்மை தலையைக் குனிந்தாள்.

வடிவு தோளை இழுத்துக்கொண்டாள்.

“ஊசி வேண்டாம் டாக்டர். இது குருதிவளை இல்ல.”

அவள் திருகினாள். கத்தரிப்பூ சிவப்பானது. நீலம், மஞ்சள், பச்சை. அறையில் அந்தத் திருகின் சத்தம் மட்டும் கேட்டது. வளைகாப்பன்று கழற்றிவிட்டேன், வேறொருவர் கையில் போட்டுவிட்டேன், பயமாக இருந்தது என்று அவள் சொன்னாள். சொல்லச் சொல்லச் சங்கரலிங்கத்தின் முகம் நிமிர்ந்தது. மூன்று நாளில் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான். அவன் கண்ணில் முதலில் வந்தது நிம்மதி. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

“பச்சை கூடிக்கிட்டே வருதுன்னு போன மாசம் மேடையில பேசினது நீங்கதானே?”

“ஆமா டாக்டர்.”

“இன்னும் எத்தனை பேர் இப்படி?”

“தெரியல. மூணு பேரு தெரியும்.”

டாக்டர் திரையைப் பார்த்தார். அதில் வடிவின் பெயருக்குக் கீழே கத்தரிப்பூ வட்டம் அப்படியே இருந்தது.

“இது யாரோட ரத்தம்? அவங்களுக்கு இன்னைக்கே மருந்து போகணும். ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தைக்குக் கணக்கு.”

“நா சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

பிச்சம்மாளுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. மருமகளைத் திட்டுவதா, மகன் தப்பித்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல், பேர் தெரியாத அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். எவள் வீட்டு அழுக்கை எங்கள் பேரில் ஏற்றினாய் என்று வடிவைக் கேட்டாள்.

“எந்த ஏலாதவளோ, புருசனோட ஒட்டாதவளோ. அவ ரத்தம் என் வீட்டுத் திரையில வந்து நிக்கணுமா? யாருட்டி அவ? பேரச் சொல்லு.”

வடிவு பெஞ்சின் பக்கம் திரும்பவில்லை. பச்சை வளையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். வெறும் கை லேசாக இருந்தது.

பெஞ்சு கிரீச்சிட்டது. உலகம்மை எழுந்து வந்தாள். மஞ்சள் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்று கொப்புளத்தோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கையை மேசை மேல் வைத்ததும், கிடந்த வாசிப்புக் கருவி தானாகவே கணீரென்று ஒலித்தது. நிற்காமல் ஒலித்தது. டாக்டர் அதை அணைத்தார்.

பிச்சம்மாள் மகளின் கையைப் பார்த்தாள். காவியைப் பார்த்தாள். வளையின் நிறத்தைப் பார்த்தாள்.

“நாந்தாம்மா,” என்றாள் உலகம்மை. “உண்டாயிருக்கேன்.”